மருந்து யார் சொத்து?

ஆரணியில் ஒரு பட்டுச் சேலை தறியிலிருந்து இறங்குகிறது. பச்சை நூலை அவித்துச் சாயம் ஏற்றியவர், பாவு போட்டவர், ஊடை சுற்றிய பெண், குழித்தறியில் காலை இறக்கி நாள் கணக்கில் மிதித்தவர், இத்தனை பேரின் உழைப்பும் அதில் இருக்கிறது. ஆனால் சேலை கடைக்குப் போனதும் அதன்மேல் ஒட்டப்படுவது கடை முதலாளியின் சீட்டுதான். விலை சொல்லுகிறவரும் அவர்தான். நெய்தவன் பெயர் எங்கும் இல்லை. இந்த அநியாயத்தை ஆரணியில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நாம் விழுங்கும் மாத்திரைக்கும் இதே கதைதான். கம்பெனியின் பெயர் பளபளவென்று அட்டையில் அச்சாகியிருக்கிறது. அந்த மருந்தை முதன்முதலில் குடுவையில் சமைத்த மாணவன் யார்? அதைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டு பயன் இருக்கிறதென்று நிரூபித்த நோயாளி யார்? யார் கட்டிய வரியில் அந்த ஆராய்ச்சி நடந்தது? அட்டையில் இதெல்லாம் இராது.

கம்பெனிகளின் வக்கீல்கள் சொல்லுகிற வாதம் இது: மருந்து கண்டுபிடிப்பது கம்பெனிகள்தான், கோடிக் கணக்கில் பணம் போட்டிருக்கிறார்கள், ஆகையால் கேட்கிற விலையைக் கொடுங்கள். சர்வகலாசாலைப் பேராசிரியர்கள் சர்க்கார் சம்பளத்தில் ஏட்டுச் சுரைக்காய் வளர்க்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் பணத்தைக் குறையுங்கள். கூலிக்காரனுக்கும் ரசாயன ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது, தோழர்களே! உயிர்ச் சம்பந்தம்! இந்த வாதம் எவ்வளவு புளுகு என்பதைச் சரித்திரத்தை வைத்தே பார்ப்போம்.

சாயச் சட்டியில் பிறந்த சாஸ்திரம்

பட்டில் பிடிக்கிற சாயமெல்லாம் பருத்தியில் பிடிப்பதில்லை. ஆரணிச் சாயக்காரருக்கு இது கைப்பழக்கம். பட்டு, புழுவின் உடம்பில் ஊறிய புரதம். பருத்தி, செடியின் நார். பட்டுக்கான அமிலச் சாயம் பட்டைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும். பருத்தியில் ஏற்றினால் அலசும்போது போய்விடும்.

ஜெர்மனியில் பால் எர்லிக் என்ற விஞ்ஞானி இதே உண்மையைப் பூதக்கண்ணாடியின் கீழ் கண்டார். சில சாயங்கள் கிருமியைப் பற்றுகின்றன. பக்கத்திலுள்ள சதையைப் பற்றுவதில்லை. 1882-ல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை உலகுக்குக் காட்டியதே சாயம் ஏற்றித்தான். எர்லிக் கேட்ட கேள்வி இது: கிருமியை மட்டும் பற்றிக் கொன்று, மனிதனை விட்டுவிடும் பொருள் ஒன்றைச் செய்ய முடியாதா? 1891-ல் மெதிலீன் நீலம் என்ற சாயத்தை மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1910-ல் மேகநோய்க்கு சால்வர்சான் என்ற மருந்தைத் தந்தார். மருந்து ரசாயனம் என்று இன்று சர்வகலாசாலைகளில் சொல்லித்தரும் சாஸ்திரத்தின் வித்து அந்தக் கேள்விதான்.

1908-ல் வியன்னாவில் பால் கெல்மோ என்ற மாணவர் டாக்டர் பட்டத்துக்காக ஒரு பொருளைச் செய்தார். சல்ஃபனிலமைடு என்று பெயர். சாய ஆராய்ச்சியில் பயன்படும் என்று எண்ணினார்கள். அது உயிர் காக்கும் என்று அன்று ஒருவருக்கும் தெரியாது.

கால் நூற்றாண்டு கழிந்தது. ஐ.ஜி. ஃபார்பன் என்ற பெரும் சாயக் கம்பெனியின் பேயர் ஆய்வகத்தில் டோமாக் என்பவர் பிரான்டோசில் என்ற சிவப்புச் சாயம் இரத்தத்தில் பரவும் கிருமிகளை அடக்குவதைக் கண்டார். 1935-ல் செய்தி வெளியாயிற்று. கம்பெனி அதற்கு முன்பே பேடண்ட் கேட்டு விண்ணப்பித்திருந்தது. பேடண்ட் என்றால் என்ன? "இந்தப் பொருளை இத்தனை வருஷம் நான்தான் செய்வேன், நான்தான் விற்பேன், வேறு எவனும் தொடக்கூடாது" என்பதற்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் முத்திரை. ஏகபோகத்துக்கு அடிமனைப் பட்டா!

ஆனால் அதே 1935-ல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஆய்வகத்து விஞ்ஞானிகள் குட்டை உடைத்தார்கள். சிவப்பு நிறத்துக்கும் நோய் தீருவதற்கும் சம்பந்தமே இல்லை. உடம்புக்குள் போனதும் சாயம் இரண்டாகப் பிரிகிறது. அதில் ஒரு பாதிதான் வேலை செய்கிறது. அந்தப் பாதி எது? கெல்மோ என்ற மாணவர் 1908-லேயே செய்து உலகறிய எழுதிவைத்த அதே சல்ஃபனிலமைடு! அதன் மேலிருந்த பழைய பேடண்டும் காலாவதியாகிவிட்டது. கம்பெனி பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தது. பொருளோ தெருவில் கிடந்தது. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றாயிற்று. பிள்ளை பெற்ற காய்ச்சலில் தாய்மார்கள் மாண்டுகொண்டிருந்த காலத்தில் அந்த மருந்து பல நாடுகளில் மலிவாகக் கிடைத்தது.

மாணவன் எழுதிய ஏடும் சேத்துப்பட்டு நோயாளியும்

இது ஏதோ அதிர்ஷ்டம் என்று நினைக்க வேண்டாம். இன்னும் இரண்டு சாட்சிகளைக் கூப்பிடுவோம்.

முதல் சாட்சி, தொழுநோய் மருந்து டாப்சோன். 1908-ல் ஜெர்மனியில் ஃப்ரைபர்க் சர்வகலாசாலையில் செய்யப்பட்ட பொருள். பல பத்து வருஷம் அலமாரியில் தூங்கியது. 1940-களில்தான் தொழுநோய்க்குப் பயன் என்று தெரிந்தது. நம் பக்கத்துச் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் காக்ரேன் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து வழி கண்டார். தொழுநோய் என்றால் ஊரைவிட்டே துரத்தின காலம் அது. வடஆர்க்காட்டுக் கிராமங்களில் அந்தத் துயரத்தை அறியாத சேரி உண்டா, தெரு உண்டா? அந்த நோயை மாத்திரையால் தீர்க்க முடிந்தது. அந்த மாத்திரையை ஏகபோகமாக்கிக் கொள்ளை அடிக்க எவனாலும் முடியவில்லை.

இரண்டாவது சாட்சி, காசநோய்க்கு இன்றும் முதல் வரிசையில் நிற்கும் ஐசோநயாசிட். 1912-ல் பிராக் நகரத்து ஜெர்மன் சர்வகலாசாலையில் மேயர், மால்லி என்ற இருவர் அதைச் செய்து பிரசுரித்தார்கள். அதுவும் டாக்டர் பட்டத்துக்கான வேலை. நாற்பது வருஷத்துக்குப் பிறகு, 1951-52-ல், மூன்று பெரிய கம்பெனிகள் தனித்தனியே அது காசநோய்க் கிருமியைக் கொல்லுவதைக் கண்டன. "நான் முந்தி, நீ முந்தி" என்று அடித்துக்கொள்ளப் பார்த்தால், பொருள் 1912-லேயே உலகத்தின் பொதுச் சொத்தாகிவிட்டிருந்தது. ஆகையால்தான் ஐசோநயாசிட் காசுக்குக் கிடைக்கும் மருந்தாயிற்று.

மருந்து கிடைத்தால் போதுமா? ஏழை எப்படிச் சாப்பிடுவான்? அந்நாளில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக் கணக்கில் படுக்க வேண்டும், நல்ல காற்று, பால், முட்டை, ஓய்வு வேண்டும் என்றார்கள். கூலிக்காரனுக்குப் படுக்கை ஏது? ஓய்வு ஏது? 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை ராஜ்ய சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து நடத்திய நிலையம் அது. சென்னை நகரத்து ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்திலும், மறு பிரிவை அவரவர் குடிசையிலும் வைத்து ஒரு வருஷம் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள்.

1959-ல் முடிவு வெளிவந்தது. குடிசையில் இருந்து மாத்திரை சாப்பிட்டவனும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தான்! வீட்டிலிருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவுமில்லை. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை முறையே இதனால் மாறிற்று. பணக்கார நாடுகளும் சானடோரியங்களை மூடின. உலகத்துக்கு அந்தப் பாடத்தை நடத்தியது யார்? சென்னைச் சேரிகளில் மாத்திரை வாங்க நடந்து வந்த கூலிகள்! எந்தக் கம்பெனி அவர்களுக்கு லாபத்தில் பங்கு தந்தது?

சுப்பாராவின் கதை

"சரி, கம்பெனி ஆய்வகத்தில் மருந்தே பிறக்கவில்லையா?" என்று கேட்பார்கள். பிறந்திருக்கிறது. நாம் அதை மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் மருந்தைப் பெற்றது விஞ்ஞானியின் உழைப்பு. பேர் வைத்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனது முதலாளி. எல்லாப்பிரகட சுப்பாராவின் வாழ்க்கையைப் பாருங்கள்.

1895-ல் பழைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த பீமாவரத்தில் வசதியற்ற குடும்பத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேறியது மூன்றாவது முறையில். அதுவும் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில். பிறகு மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் அறைகூவலைக் கேட்டு மருத்துவக் கல்லூரிக்குள் கதர் உடுத்திப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பொறுக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. நெசவாளியின் துணியை உடுத்தியதற்கு அன்னிய சர்க்கார் விதித்த தண்டனை!

1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலைக்குப் போனார். வயிற்றுப்பாட்டுக்கு ஆஸ்பத்திரியில் இரவு நேரத்தில் நோயாளிகளின் மலச்சட்டி எடுக்கும் வேலை பார்த்தார். பகலில் ஆராய்ச்சி. 1925-ல் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து, இரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையை வெளியிட்டார். உலகமெங்கும் ஆய்வகங்களில் அது பாடமாயிற்று. தசை வேலை செய்யும்போது சக்தி எங்கிருந்து வருகிறது என்ற பெரும் கேள்விக்கு விடை காண்பதில் அவர் கை இருந்தது. தறி மிதிக்கும் காலுக்கும் மண்வெட்டி பிடிக்கும் கைக்கும் பலம் தரும் ரசாயனம் அது! இவ்வளவுக்கும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தர உத்தியோகம் கொடுக்கவில்லை. 1940-ல் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனிக்குப் போனார். அது அமெரிக்கன் சயனமிட் என்ற ரசாயன ஏகபோகத்தின் கிளை.

அங்கே அவர் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில் ஃபோலிக் அமிலம் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. 1947-ல் யானைக்கால் நோய்க்கான மருந்து வந்தது. டி.இ.சி. மாத்திரை என்று 1990-களின் பிற்பகுதியிலிருந்து தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் வீடு தேடி வந்து சுகாதார ஊழியர்கள் கொடுத்தார்களே, அதுதான். 1948-ல் பலவகைக் கிருமிகளை ஒருசேர அடக்கும் ஆரியோமைசின் வந்தது. டக்கர் என்ற முதிய விஞ்ஞானி மண்ணிலிருந்து அதைக் கண்டெடுத்தார். அதே ஆகஸ்டில் சுப்பாராவ் 53-வது வயதில் மாண்டார். அமெரிக்கப் பிரஜையாகாமல் இந்தியராகவே மாண்டார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். யானைக்கால் நோய் நம் நாட்டில் நூற்றாண்டுகளாக இருக்கிறது. சேற்றில் நின்று நாற்று நட்ட எத்தனை பேரின் கால்கள் வீங்கின! கம்பெனிகள் திரும்பிப் பார்த்தனவா? இரண்டாவது உலக யுத்தத்தில் பசிபிக் தீவுகளில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அந்த நோய் பிடித்தது. அதற்குப் பிறகே மருந்து தேடும் வேலை சூடுபிடித்தது. லாபக் கணக்கில் விவசாயத் தொழிலாளியின் கால் வராது. இதுதான் ஏகபோகத்தின் வைத்திய தர்மம்!

நம்மவர் தந்த மருந்து, நமக்கே தலைவிலை

அடுத்தது இன்னும் கொடுமை. அமெரிக்க செனட் சபையில் கெஃபாவர் தலைமையில் ஒரு குழு மருந்துக் கம்பெனிகளின் கொள்ளையை விசாரித்தது. 1961-ல் அறிக்கை வந்தது. ஆரியோமைசினும் அதைச் சேர்ந்த மருந்துகளும் உலகத்திலேயே மிக உயர்ந்த விலைக்கு விற்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று அந்தக் குழு சொல்லிற்று. மக்கள் வருமானம் குறைந்த இடத்தில் மருந்து விலை உயர்ந்திருக்கிறது என்றும் சுட்டிக்காட்டிற்று. சென்னையில் படித்த ஒருவரின் தலைமையில் பிறந்த மருந்து, சென்னை ஏழைக்கு எட்டாக்கனி!

இதற்கு வசதி செய்து கொடுத்தது வெள்ளையன் விட்டுப்போன 1911-ம் வருஷத்துப் பேடண்ட் சட்டம். சென்னை உயர்நீதிமன்றத்து நீதிபதி ராஜகோபால அய்யங்கார் அதை ஆராய்ந்து 1959-ல் அறிக்கை தந்தார். இந்தியாவில் பதிவான பேடண்டுகளில் மிகப் பெரும்பகுதி அன்னியருடையவை. அவற்றிலும் பெரும்பாலானவற்றை அவர்கள் இங்கே உற்பத்தி செய்வதே இல்லை என்று அம்பலப்படுத்தினார். வைக்கோல்போர் நாய் கதைதான்!

அதன் பலனாக வந்தது 1970-ம் வருஷத்துப் பேடண்ட் சட்டம், 1972-ல் அமலாயிற்று. மருந்துப் பொருளுக்குப் பேடண்ட் கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான், அதுவும் அதிகபட்சம் 7 வருஷம் என்றது சட்டம். அதே மருந்துக்கு வேறு வழி கண்டுபிடி, செய்து விற்றுக்கொள்! இந்த வழியைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்கள் யார்? கம்பெனிகள் கேலி செய்கிற அதே சர்க்கார் ஆய்வகத்து ரசாயனிகள்தான்.

எய்ட்ஸ் மருந்து ஒன்றே போதும் உதாரணத்துக்கு. ஏ.இசட்.டி. என்ற மருந்தை 1964-ல் அமெரிக்காவில் ஹார்விட்ஸ் என்ற ரசாயனி பொதுப் பணத்தில் நடந்த புற்றுநோய் ஆராய்ச்சியில் செய்தார். பிற்பாடு ஒரு கம்பெனி அதன்மேல் பேடண்ட் வாங்கி, 1987-ல் வருஷத்துக்கு 8,000 டாலருக்கு மேல் விலை வைத்தது. செய்தவருக்கு ஒரு காசும் வரவில்லை. இந்தியாவில் அந்த நோய்க் கிருமி முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னை மருத்துவக் கல்லூரியில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவால். ஹைதராபாத் சர்க்கார் ஆய்வகத்தில் ஏ.வி. ராமராவ் குழு ஏ.இசட்.டி.-க்குச் சொந்தச் செய்முறை கண்டு கொடுத்தது. 2001-ல் பன்னாட்டுக் கம்பெனிகள் வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல் விற்ற மூன்று மருந்துக் கூட்டை, சிப்லா என்ற இந்தியக் கம்பெனி 350 டாலருக்குத் தர முன்வந்தது. சட்டம் மாறினால் விலை எப்படி மாறுகிறது பாருங்கள்!

இந்தச் சட்டத்தை உலக வர்த்தக ஸ்தாபனத்தின் நிர்ப்பந்தத்தில் 2005-ல் திருத்தினார்கள். மருந்துப் பொருளுக்கு மீண்டும் 20 வருஷப் பேடண்ட் வந்தது. போராட்டத்தின் பலனாக இரண்டு வேலிகள் மட்டும் மிஞ்சின. பழைய மருந்தையே லேசாக மாற்றிப் புதுப் பேடண்ட் கேட்டால் மறுக்கலாம் என்பது 3(டி) பிரிவு. பேடண்ட் கொடுப்பதற்கு முன்பே யாரும் ஆட்சேபிக்கலாம் என்பது இன்னொன்று.

இந்த வேலிகளின் அருமை 2023-ல் தெரிந்தது. பழைய மருந்துகளுக்கு மசியாத காசநோய்க்கு பெடாகுலின் என்ற மாத்திரை வந்திருக்கிறது. ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனியின் மருந்து. அது கம்பெனி ஆய்வகத்தில் பிறந்ததுதான். ஆனால் அதை நோயாளிகளிடம் சோதித்த செலவில் பொதுப் பணம் பெரும் பங்கு. முதல் பேடண்ட் முடியும் சமயத்தில், மருந்தின் உப்பு வடிவத்தைக் காட்டி இன்னும் நாலு வருஷம் ஏகபோகம் கேட்டது கம்பெனி. மும்பை நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலே என்ற இரண்டு பெண்கள் ஆட்சேபித்தார்கள். இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். பழைய மருந்தின் விஷத்தால் காது கேட்கும் சக்தியை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் இந்தியப் பேடண்ட் அலுவலகம் கம்பெனியின் மனுவைத் தள்ளியது. ஜூலையில் முதல் பேடண்டும் முடிந்தது. ஆகஸ்டிலேயே உலகக் கொள்முதல் விலை பாதிக்கும் கீழே இறங்கியது.

காது கேளாத இரண்டு பெண்களின் குரல் கம்பெனியின் காதில் இடியாக விழுந்தது! அந்த ஆட்சேபிக்கும் உரிமைக்குத்தான் 2024 மார்ச்சில் வந்த புதிய விதிகள் கட்டணம் விதித்து, வாசலிலேயே தடை வைத்திருக்கின்றன.

இன்றைய கெல்மோக்கள் எங்கே?

அன்று வியன்னாவிலும் பிராகிலும் மாணவர்கள் செய்த வேலை இன்று கோடிக் கணக்கான உயிர்களைக் காக்கிறது. இன்று நம் சர்வகலாசாலைகளில் அதே வேலையைச் செய்யும் பிள்ளைகளின் கதி என்ன? அவர்களில் தறிகாரர் மகளும் உண்டு, கழனியில் களை எடுப்பவர் மகனும் உண்டு. 2023 ஜனவரி முதல் ஆரம்ப ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். அறிவிப்பு சரி, மாதாமாதம் கைக்கு வருகிறதா? பல மாதம் பாக்கி வைப்பது வழக்கமாகிவிட்டது. கூலியை இழுத்தடிக்கும் பட்டு முதலாளிக்கும் சர்க்காருக்கும் இதில் என்ன வித்தியாசம்? டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு ஒப்பந்த வேலை. ஒப்பந்தம் முடிந்தால் வீடு. சுப்பாராவுக்கு ஹார்வர்டு செய்ததை நாம் நம் பிள்ளைகளுக்கே செய்கிறோம்.

2020-21 கணக்குப்படி இந்தியா தன் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது 100 ரூபாய்க்கு 64 பைசா. காசநோயிலோ நாம் உலகத்தில் முதல். 2023-ல் உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியர். சுமார் 28 லட்சம் பேர். 2024 மார்ச்சில் காசநோய் மாத்திரை தட்டுப்பட்டு, "நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று மத்திய சர்க்கார் மாநிலங்களுக்குச் சொல்லும் நிலை வந்தது. சோவியத் உதவியோடு 1961-ல் உருவான ஐ.டி.பி.எல். என்ற பொதுத்துறை மருந்து ஸ்தாபனத்தை மூடுவதென்று 2016-ல் மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. 2008-ல் கிண்டி பி.சி.ஜி. ஆய்வகமும் குன்னூர் பாஸ்டர் நிலையமும் தடுப்பூசி செய்யும் அனுமதியை இழந்து, 2010-ல்தான் திரும்பப் பெற்றன. தறியை உடைத்து அடுப்பெரித்துவிட்டு, "சேலை இல்லையே" என்று அழுகிற புத்தி!

மாத்திரையும் வேண்டும், சோறும் வேண்டும்

மருந்து மட்டும் போதும் என்று நாம் சொல்லவில்லை. சேத்துப்பட்டு நிலையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் என்ற பெயரில் நடக்கிறது. அது பங்குகொண்ட ஓர் ஆராய்ச்சி ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியாயிற்று. காசநோயாளியின் குடும்பத்தாருக்கு மாதாமாதம் நல்ல உணவுப் பொருள் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாக நோய் வருவது 39 சதவிகிதம் குறைந்தது. பசிதான் காசநோய்க்குப் பாய் விரிக்கிறது என்று விஞ்ஞானமே சாட்சி சொல்லிவிட்டது. காற்றும் வெளிச்சமும் இல்லாத தறி வீட்டில், அரைவயிற்றுக் கூலியில் உழைக்கிறவனுக்கு மாத்திரையை மட்டும் கொடுத்தால் பாதி வைத்தியம். கூலி உயர்வுக் கோரிக்கை வைத்தியக் கோரிக்கையும்தான்!

ஆகவே, ஆரணித் தறித் தொழிலாளர்களே, அரிசி ஆலைத் தொழிலாளர்களே, சுற்றுவட்டார விவசாயத் தொழிலாளர்களே! ஆராய்ச்சிக்கூடம் படித்தவர் விவகாரம் என்று ஒதுங்கி நிற்காதீர்கள். நீங்கள் வாங்கும் சோப்பிலும் தீப்பெட்டியிலும் கட்டும் வரி அங்கே போகிறது. உங்கள் நெஞ்சுக்கும் காலுக்கும் வேண்டிய மருந்து அங்கே பிறக்க வேண்டும். நாம் கேட்க வேண்டியவை இவை:

பொதுப் பணத்தில் பிறந்த மருந்தை எந்தக் கம்பெனிக்கும் ஏகபோகமாக எழுதிக் கொடுக்காதே!

3(டி) பிரிவில் கை வைக்காதே! ஆட்சேபிக்கும் உரிமைக்குப் போட்ட கட்டணத்தையும் தடையையும் எடு!

ஆராய்ச்சி மாணவர்களின் உதவித்தொகையை மாதம் தவறாமல் கொடு! காலி ஆசிரியப் பதவிகளை நிரந்தரமாக நிரப்பு!

பொதுத்துறை மருந்து ஆலைகளுக்கு உயிர் கொடு! காசநோய் மாத்திரை ஒரு நாள்கூடத் தட்டுப்படக் கூடாது!

நெசவாளர் தெருக்களிலும் சேரிகளிலும் காசநோய்ச் சோதனை நடத்து! நோயாளியின் குடும்பம் முழுவதற்கும் உணவுப் பொருள் கொடு!

இந்தக் கோரிக்கைகளைச் சங்கக் கூட்டங்களில் பேசுங்கள். ஆராய்ச்சி மாணவர்கள் தெருவில் நின்று போராடும்போது அவர்கள் பக்கத்தில் போய் நில்லுங்கள். உங்கள் கூலிப் போராட்டத்துக்கு அவர்களையும் அழையுங்கள். குடுவை பிடிக்கும் கையும் நாடா எறியும் கையும் கூலிக்கு உழைக்கும் கைதான். இரண்டும் சேர்ந்தால் எந்த ஏகபோகத்தின் பூட்டும் உடையும்!

மருந்து மக்கள் சொத்து! அதை மீட்போம்!